எத்தனை நாளிலிருந்து எத்தனை நாள் வரை?

1970களின் நடுவில் இஸ்ரேலில் ஒரு குழு வாரந்தோறும் கூடிப் பாடநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தது. மனிதர்கள் எப்படித் தீர்மானம் எடுக்கிறார்கள் என்பதை உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கற்றுத்தரும் நூல். குழுவைச் சேர்த்தவர் டேனியல் கானமன். பிற்காலத்தில், 2002இல், பொருளாதார நோபல் பரிசு பெற்ற அதே உளவியலாளர். ஓராண்டு வேலை நடந்து, பாடத்திட்டம் வகுத்து, ஓரிரு அத்தியாயங்களும் எழுதியாகிவிட்டது. வேலை நன்றாகப் போகிறது என்ற நிறைவு எல்லோருக்கும் இருந்தது. ஒருநாள் கானமன் ஒவ்வொருவரையும் தனித்தனியே தாளில் எழுதித் தரச் சொன்னார்: முழு வரைவையும் கல்வி அமைச்சகத்திடம் ஒப்படைக்க இன்னும் எவ்வளவு காலம் ஆகும்? விடைகள் எல்லாம் இரண்டு ஆண்டைச் சுற்றியே வந்தன. குறைந்தது ஒன்றரை, கூடினால் இரண்டரை.

குழுவில் சீமோர் ஃபாக்ஸ் என்ற பாடத்திட்ட வல்லுநர் இருந்தார். இதே போல ஒன்றுமில்லாததிலிருந்து பாடத்திட்டம் உருவாக்கிய மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கானமன் அவரிடம் கேட்டார். ஃபாக்ஸ் யோசித்துவிட்டுப் பதில் சொன்னார். ஏறக்குறைய 40 விழுக்காட்டுக் குழுக்கள் வேலையை முடிக்கவே இல்லை. முடித்தவற்றில் ஏழு ஆண்டுக்குள் முடித்ததாக ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை. பத்து ஆண்டைத் தாண்டியதும் இல்லை. இத்தனையும் தெரிந்த அவரும், சற்று முன் தாளில் மற்றவர்களைப் போலவேதான் எழுதிக் கொடுத்திருந்தார். கடைசியில் நூல் முடிய எட்டு ஆண்டு ஆயிற்று. அதற்குள் அமைச்சகத்தின் ஆர்வம் வடிந்துவிட்டது. நூல் வகுப்பறைக்குப் போகவே இல்லை.

காலக்கணக்கு எப்போதும் பொய்க்கும் என்பதற்கு உதாரணமாகவே இந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். ஆனால் அன்று அந்த அறையில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று, ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு வரை. மற்றது, ஏழு முதல் பத்து ஆண்டு வரை. முதலாவது, தங்கள் திட்டத்தையே உற்றுப் பார்த்துச் சொன்னது. இரண்டாவது, பிறருக்கு நடந்ததைப் பார்த்துச் சொன்னது. எட்டு என்ற உண்மை இரண்டாவதில் சரியாக அடங்கியது. ஒரு வேலை எப்போது முடியும் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும். அந்த விடை ஒற்றைத் தேதியாக இருக்காது, அது தலைக்குள்ளிருந்து மட்டும் வராது, அவ்வளவுதான்.

*

எந்த அலுவலகத்திலும் தினம் கேட்கும் உரையாடல் இது. "என்னப்பா, அந்த மாடியூல் எப்ப முடியும்?" "புதன்கிழமைக்குள்ள முடிச்சிடலாம் சார்." கேட்டவர் புதன்கிழமை என்று குறித்துக்கொள்கிறார். அன்று மாலையே அது கிளையன்டுக்குப் போகும் மின்னஞ்சலில் ஏறிவிடுகிறது. சொன்னவர் மனதில் இருந்ததோ வேறு: எல்லாம் ஒழுங்காக நடந்தால் புதன், டெஸ்டிங்கில் ஏதாவது கிளம்பினால் அடுத்த திங்கள், அந்தப் பழைய கோடில் கைவைக்க நேர்ந்தால் இரண்டு வாரம். அவருக்குத் தெரிந்த மூன்றில் இரண்டு, வாயிலிருந்து வெளியே வரும்போதே உதிர்ந்துவிட்டன. தகவல் இல்லாமல் போகவில்லை. ஒற்றை எண்ணைக் கேட்டதால் தொலைந்துபோனது.

அந்தப் புதன்கிழமை, நடக்கக்கூடிய நாட்களின் நடுவிலும் இல்லை. வேலைகளின் காலம் இரண்டு பக்கமும் சமமாக விரிவதில்லை. ஓர் இணையக் கடையில் பணம் செலுத்தும் வசதியைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வங்கி தந்த குறிப்புகள் துல்லியமாக இருந்து, எல்லாம் முதல் முறையே ஓடினால் 4 நாள். வழக்கமான தடங்கல்களோடு 6 நாள். சோதனைக் கணக்கு கிடைக்கத் தாமதமாகி, பாதுகாப்புச் சரிபார்ப்பில் ஒருமுறை திரும்பி வந்தால் 20 நாள். ஆறிலிருந்து கீழே இறங்க இரண்டு நாள்தான் இடம் இருக்கிறது. மேலே ஏறப் பதினான்கு நாள் இருக்கிறது. ஒரு வேலை சீக்கிரம் முடிவதற்கு எல்லை உண்டு. தாமதமாவதற்குக் கிடையாது.

இதை முறையாகக் கணக்கில் கொண்டுவந்தது அமெரிக்கக் கடற்படை. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணையைப் பின்னர் உருவாக்கிய சிறப்புத் திட்ட அலுவலகம் 1955இல் அமைந்தது. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியதும், போலாரிஸை முன்கூட்டியே முடித்தாக வேண்டிய நெருக்கடி வந்தது. ஆயிரக்கணக்கான ஒப்பந்த நிறுவனங்கள்; அதற்கு முன் யாரும் செய்திராத வேலைகள். 1958இல் கடற்படையும், பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற ஆலோசனை நிறுவனமும், ஏவுகணையைக் கட்டிய லாக்ஹீடும் சேர்ந்து பெர்ட் என்ற முறையை வகுத்தன. ஒவ்வொரு வேலைக்கும் அதைச் செய்யும் பொறியாளரிடம் மூன்று கேள்விகள். எல்லாம் கூடிவந்தால் எத்தனை வாரம்? பெரும்பாலும் எத்தனை வாரம் ஆகும்? எதுவும் ஒத்துழைக்காவிட்டால் எத்தனை வாரம்?

மூன்றையும் சேர்க்கும் சூத்திரம் எளியது. நடு எண்ணை நான்கால் பெருக்கி, முதலையும் கடைசியையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன பணம் செலுத்தும் வேலைக்கு 4, 24, 20 மூன்றையும் கூட்டினால் 48. ஆறால் வகுத்தால் 8. பொறியாளரின் வாயில் வந்திருக்கக்கூடிய எண் 6. சராசரியாக ஆகப்போவது 8. கடைசிக்கும் முதலுக்கும் உள்ள இடைவெளியை ஆறால் வகுத்தால், அந்தச் சராசரி எவ்வளவு ஆட்டம் காணும் என்பதற்கும் ஓர் அளவு கிடைக்கிறது. இந்த வேலையில் அது இரண்டே முக்கால் நாளுக்குச் சற்றுக் குறைவு.

ஏறத்தாழ அதே சமயத்தில், 1957 வாக்கில், டூபாண்ட் வேதியியல் நிறுவனமும் வேலைகளை வலைபோல் பின்னித் திட்டமிடும் இன்னொரு முறையை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காலம்தான். தொழிற்சாலைக் கட்டுமானமும் பராமரிப்பும் அவர்களுக்குப் பழகிய வேலை என்பதால் ஒரே எண் போதுமானதாக இருந்தது. கடற்படைக்கு அந்த வசதி இல்லை. குறைந்த காலத்துக்கும் கூடிய காலத்துக்கும் இடைப்பட்ட வீச்சு, தெரிந்த வேலைக்குக் குறுகும், தெரியாத வேலைக்கு விரியும். எந்த வேலை எந்த வகை என்பதை முதலில் பிரித்துக்கொள்வதுதான் கணக்கின் தொடக்கம்.

1960 ஜூலை 20 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் என்ற நீர்மூழ்கிக் கப்பல் நீருக்கடியிலிருந்து போலாரிஸை வெற்றிகரமாக ஏவியது. பெர்ட்டின் புகழ் உலகெங்கும் பரவியது. அந்தப் புகழை அப்படியே ஏற்க முடியாது என்று அரசியல் அறிஞர் ஹார்வி சபோல்ஸ்கி 1972இல் வந்த தன் நூலில் காட்டினார். போலாரிஸின் தொடக்க வெற்றிக்குப் பெர்ட் காரணம் இல்லை. மேலிடத்தின் தலையீட்டைத் தள்ளிவைக்க, எல்லாம் அறிவியல்படி நடக்கிறது என்று காட்டும் கவசமாகவே அது பெரிதும் பயன்பட்டது என்பது அவருடைய முடிவு. இது மறக்கக்கூடாத எச்சரிக்கை. சூத்திரத்தில் போட்டுவிட்டதாலேயே ஓர் எண் உண்மையாகிவிடாது. மூன்று கேள்விகளுக்கும் மனந்திறந்த பதில் வந்தால்தான் ஆறால் வகுப்பதில் பொருள் இருக்கிறது.

*

வீச்சின் பயன் ஒரு வேலையில் தெரிவதைவிடப் பல வேலைகளைக் கூட்டும்போதுதான் பளிச்சென்று தெரியும்.

அதே 4, 6, 20 நாள் கணக்கில் பத்து வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்று கொள்வோம். வழக்கமான பாணியில் ஒவ்வொன்றுக்கும் 6 என்று போட்டுக் கூட்டினால் 60 நாள். பயந்துபோய் ஒவ்வொன்றுக்கும் 20 போட்டால் 200 நாள். இரண்டுமே தவறு. சராசரியைக் கூட்டினால் 80. வேலைகள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால், ஒன்றில் இழுத்தது இன்னொன்றில் ஈடுகட்டப்படும். அதனால் மொத்தத்தின் ஆட்டம் பத்து மடங்காகப் பெருகாமல், பத்தின் வர்க்கமூலமான சுமார் மூன்று மடங்கு அளவிலேயே நின்றுவிடும். அதன்படி 91 நாளுக்குள் எல்லாம் முடிய ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது வாய்ப்பு. அந்த 60 நாளுக்குள் முடிய? நூற்றில் ஒன்று. கூட்டங்களில் யாரும் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. பத்து பேர் பத்து நியாயமான எண்களைச் சொல்ல, அவற்றைக் கூட்டி வரும் தேதி கிட்டத்தட்ட நடக்கவே முடியாததாக ஆகிவிடுகிறது.

வேலைகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அந்த நிபந்தனையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்து வேலைகளையும் ஒரே ஆள் பார்க்கிறார், அல்லது பத்துக்கும் ஒரே வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டும் என்றால், ஒன்று தாமதமாகும்போது எல்லாமே தாமதமாகும், ஈடுகட்ட ஆளில்லை. எல்லா வேலைகளும் முழுக்கச் சேர்ந்தே ஏறி இறங்கினால், அதே பத்துக்கு ஒன்பது வாய்ப்புக்கு 91 நாள் போதாது; 114 நாள் வேண்டும். ஆகவே வேலைகளைப் பட்டியலிடும்போது, எவை எவை ஒரே காரணத்தால் சிக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதிவைப்பது நல்லது.

இணையாக நடக்கும் வேலைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. மூன்று குழுக்கள் தனித்தனியே வேலை செய்கின்றன. மூன்றும் முடிந்தால்தான் ரிலீஸ். ஒவ்வொரு குழுவும் குறித்த தேதிக்குள் முடிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், ரிலீஸ் குறித்த தேதியில் நடக்க எட்டில் ஒரு வாய்ப்புதான். ஒவ்வொரு குழுவின் வாய்ப்பும் 80 விழுக்காடாக உயர்ந்தாலும் மொத்தத்தில் 51தான் வரும். இணை வேலைகள் வந்து சேரும் இந்தச் சந்திப்புகளைப் பெர்ட் முறை சரியாகக் கையாளவில்லை என்ற விமர்சனம் 1960களிலேயே எழுந்தது. 1963இல் ரிச்சர்ட் வான் ஸ்லைக், கணினியில் திட்டத்தை ஆயிரக்கணக்கான முறை கற்பனையாக ஓட்டிப் பார்க்கும் மான்டி கார்லோ வழியைப் பெர்ட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று அதற்குப் பெரிய கணினி வேண்டியிருந்தது. இன்று ஒரு சாதாரண எக்செல் தாளில் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம்.

*

கணக்கு சரி. உள்ளே போடும் எண்கள்?

இங்கேதான் பெரிய சிக்கல். 1994இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற உளவியலாளர்கள், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 33.9 நாள். எல்லாம் மிக நன்றாக நடந்தால்? 27.4. எல்லாமே எவ்வளவு மோசமாகப் போக முடியுமோ அவ்வளவு மோசமாகப் போனால்? 48.6. உண்மையில் ஆனது 55.5 நாள். மிக மோசமான நிலை என்று யோசித்துச் சொன்ன எண்ணையும் சராசரி மாணவர் ஒரு வாரம் தாண்டிவிட்டார். இதே ஆய்வாளர்கள் கண்ட இன்னொன்று: பிறருடைய வேலைக்குக் காலம் சொல்லச் சொன்னால் அந்த நம்பிக்கை மிகுதி மறைந்துவிடுகிறது. தன் வேலை என்றால் மனம் முன்னால் உள்ள திட்டத்தைப் பார்க்கிறது. அடுத்தவர் வேலை என்றால் அவர் இதுவரை செய்த லட்சணத்தைப் பார்க்கிறது.

மென்பொருள் துறையினர் இதற்கு விலக்கல்ல. மென்பொருள் மதிப்பீடு பற்றி எழுதும் ஸ்டீவ் மெக்கானல் தன் பயிற்சி வகுப்புகளில் பத்துக் கேள்விகள் தருவார். சூரியனின் மேற்பரப்பு வெப்பம், ஷாங்காயின் அட்சரேகை, அலெக்சாந்தர் பிறந்த ஆண்டு இப்படி. சரியான விடை தேவையில்லை. உண்மை விடை உள்ளே இருக்கும் என்று 90 விழுக்காடு உறுதி தோன்றும் அளவுக்கு ஒரு வீச்சைத் தந்தால் போதும். எவ்வளவு அகலமாகவும் தரலாம், யாரும் தடுக்கவில்லை. பத்தில் ஒன்பது சரியாக வர வேண்டும். சராசரியாக வந்ததோ 2.8. அகலமாகச் சொன்னால் விஷயம் தெரியாதவர் போல் ஆகிவிடுவோமோ என்ற கூச்சம் கையைப் பிடித்து இழுக்கிறது.

நார்வேயின் மாக்னே யோர்கென்சன் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். 90 விழுக்காடு உறுதி என்று மென்பொருள் வல்லுநர்கள் தந்த வீச்சுகளில், உண்மையான உழைப்பு அறுபது எழுபது விழுக்காடு முறைதான் அடங்கியது. 50 விழுக்காடு உறுதிக்கு ஒரு வீச்சு தாருங்கள் என்று ஒரு குழுவிடமும், 90க்குத் தாருங்கள் என்று இன்னொரு குழுவிடமும் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே அகலம்தான் வருகிறது. ஆக, அந்த விழுக்காடு வெறும் அலங்காரமாக நிற்கிறது. குறுகிய வீச்சு சொல்பவரையே திறமைசாலி என்று மேலாளர்கள் எடைபோடும் போக்கையும் அவருடைய குழு கண்டது. தவறாகச் சொல்பவருக்குப் பாராட்டும், சரியாகச் சொல்பவருக்கு முகச்சுளிப்பும் கிடைக்கும் இடத்தில் எந்தச் சூத்திரமும் எடுபடாது.

அவர் காட்டிய மாற்று மிகச் சாதாரணமானது. கேள்வியைத் திருப்பிப் போடுவது. "90 விழுக்காடு உறுதியாக அதிகபட்சம் எத்தனை நாள்?" என்று கேட்காமல், "நீங்கள் 10 நாள் என்கிறீர்கள். இதுபோன்ற வேலைகளில் எத்தனை, சொன்னதைவிட ஒன்றரை மடங்கு தாண்டின?" என்று கேட்பது. உடனே மனம் பழைய வேலைகளுக்குப் போகிறது. கானமன், ஃபாக்ஸிடம் கேட்டதும் இதே கேள்விதான்.

நினைவை நம்பாமல் ஏட்டை நம்பினால் இன்னும் நல்லது. இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். முடிந்த வேலைகளில் கடைசி இருபதை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சொன்ன நாள், ஆன நாள் இரண்டையும் எழுதி, ஆனதைச் சொன்னதால் வகுத்தால் போதும். வரும் விகிதங்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கினால், நடுவில் 1.3உம் பதினெட்டாவது இடத்தில் 2.2உம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி அந்தக் குழு ஒரு வேலையைப் 10 நாள் என்று சொன்னால், அதன் பொருள்: 13 நாளுக்குள் பாதிக்குப் பாதி, 22 நாளுக்குள் பத்துக்கு ஒன்பது. அவர்களைப் பற்றி அவர்களே சேர்த்த சான்று என்பதால் இதை மறுப்பதும் கடினம். உலகெங்கும் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெருந்திட்டங்களின் தரவைத் தொகுத்த பென்ட் ஃப்ளிவ்பியர் சொல்வதும் இதுதான்: உங்கள் திட்டம் தனித்துவமானது என்ற நினைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, அதைப் போன்றவற்றுக்கு என்ன நடந்தது என்று முதலில் பாருங்கள். அவர் தொகுப்பில் செலவு, காலம் இரண்டிலும் சொன்னபடி முடிந்தவை 8.5 விழுக்காடு மட்டுமே.

*

வீச்சை ஒருமுறை சொல்லிவிட்டுக் கைகழுவ முடியாது. என்ன செய்யப்போகிறோம் என்பதே தெளிவாகாத தொடக்க நாளில், மென்பொருள் திட்டத்தின் மதிப்பீடு கால் பங்கிலிருந்து நான்கு மடங்குவரை விலகலாம் என்று மென்பொருள் பொறியியல் அறிஞர் பாரி போம் 1981இல் எழுதினார். தேவைகள் தெளிவாகி, வடிவமைப்பு முடிய முடிய அது குறுகுகிறது. தானாகக் குறுகாது என்பதை மெக்கானல் அழுத்திச் சொல்கிறார். எதைக் கட்டுவது, எதை விடுவது என்று தீர்மானம் எடுத்தால்தான் குறுகும். மூன்று மாதத்துக்குப் பிறகும் முதல் நாள் வீச்சு அப்படியே நின்றால், அந்த மூன்று மாதத்தில் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை என்று பொருள். எனவே ஒவ்வொரு கட்டத்திலும் வீச்சைத் திரும்ப எழுத வேண்டும். திரும்ப எழுதுவதைக் குற்றமாகப் பார்க்காத சூழல் வேண்டும்.

"22 நாள் வரை ஆகலாம் என்று சொல்லிவிட்டால், 22 நாளும் எடுத்துக்கொள்ள மாட்டார்களா?" மேலாளர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. கிடைத்த நேரம் முழுவதையும் வேலை விழுங்கிவிடும் என்று நார்த்கோட் பார்கின்சன் 1955இல் எழுதியதன் சாரமும் அதுவே. இதற்கு நல்ல விடை நார்வே அரசிடம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் அங்கே பெரிய அரசுத் திட்டங்களுக்கு இரண்டு செலவு மதிப்பீடுகள் போடுகிறார்கள். அதற்குள் முடிய 50 விழுக்காடு வாய்ப்புள்ள தொகை ஒன்று, பி50. 85 விழுக்காடு வாய்ப்புள்ள தொகை மற்றது, பி85. நாடாளுமன்றம் ஒப்புதல் தருவது பி85க்கு. திட்டத்தை நடத்தும் நிறுவனம் இலக்காகக் கொள்வது பி50ஐ. இடையில் உள்ள பணம் நிறுவனத்தின் கையில் இல்லை. மேலே உள்ள அமைச்சகத்திடம் கேட்டுத்தான் பெற வேண்டும். முடிந்த திட்டங்களை ஆராய்ந்தபோது பெரும்பாலானவை நாடாளுமன்றம் ஒதுக்கிய எல்லைக்குள் அடங்கியிருந்தன.

இது செலவுக்கான ஏற்பாடு என்றாலும் காலத்துக்கும் அப்படியே பொருந்தும். குழுவின் இலக்கு 13 நாள். வெளியே தரும் வாக்கு 22 நாள். இடையில் உள்ள ஒன்பது நாள் யார் பொறுப்பு, எந்தக் காரணத்துக்குத் தரலாம் என்பதை முன்பே பேசி வைத்துக்கொண்டால், வேலை செய்பவர்கள் ஒவ்வொரு எண்ணிலும் ரகசியமாக நான்கு நாள் ஒளித்துவைக்கத் தேவையில்லை; மேலாளரும் எதைச் சொன்னாலும் பாதியாக வெட்டத் தேவையில்லை. பல அலுவலகங்களில் நடக்கும் அந்த ஒளிப்பும் வெட்டும் எல்லோருடைய உழைப்பையும் தின்கின்றன. வார இறுதிகள் போகின்றன, குடும்பத்தோடு இருக்க வேண்டிய இரவுகள் போகின்றன. எட்ட முடியாத ஒரு தேதிக்காக மனிதர்கள் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள்.

கடைசியாக, வாடிக்கையாளருக்கு எப்படிச் சொல்வது? "8லிருந்து 20 வாரம் ஆகலாம்" என்று மொட்டையாக எழுதினால் அவர் 8ஐ மட்டும் பிடித்துக்கொள்வார். தேதி, வாய்ப்பு, காரணம் மூன்றும் சேர்ந்து போக வேண்டும். தீபாவளி விற்பனைக்குள் செயலி வேண்டும் என்று கேட்கும் ஒரு துணிக்கடைக்கு இப்படி எழுதலாம்: "ஆகஸ்ட் 18க்குள் முடியப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. செப்டம்பர் 12க்குள் முடியப் பத்துக்கு ஒன்பது. இடைவெளிக்கு முக்கியக் காரணம் வங்கியின் ஒப்புதல். அது ஜூலை 15க்குள் வந்தால் இரண்டாவது தேதி ஆகஸ்ட் 28 ஆகிவிடும்." இதைப் படிக்கும் கடைக்காரர் விளம்பரத்தை செப்டம்பர் 12க்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பரிசு அட்டை வசதியை இந்த ஆண்டு விட்டுவிடலாமா என்று கேட்கலாம். வங்கியில் தனக்குத் தெரிந்த அதிகாரியிடம் அந்த வாரமே பேசலாம். ஜூலை 15 அன்று ஒப்புதல் வந்ததோ இல்லையோ, இரண்டு தேதிகளையும் திருத்தி அவருக்கு எழுத வேண்டியது குழுவின் வேலை.